நார்ஃபோக்: கடற்கரையும் உள்நாடும், எங்கே தொடங்கலாம்?

வேப்பங்காற்று

வணக்கம். அக்டோபர் கடைசி வாரப் பள்ளி விடுமுறைக்கு இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள நார்ஃபோக் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) போகலாம் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். நான், கணவர், பத்து வயது மகள், ஏழு வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். அவர் மெதுவாக நடப்பார், மேடேறுவது சிரமம். லண்டனிலிருந்து கிளம்புகிறோம்.

அலுவலகத்தில் சொன்னால் "அங்கே என்ன இருக்கிறது? வெறும் தட்டை நிலம். கார்ன்வால் போங்கள், இல்லாவிட்டால் ஏரி மாவட்டம் போங்கள்" என்கிறார்கள். எனக்கோ அந்தத் தட்டை நிலம்தான் வேண்டும். எங்கே தங்குவது, எதைக் கட்டாயம் பார்ப்பது, கார் இல்லாமல் முடியுமா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரைநடை

தட்டை என்பது உண்மைதான். கவுண்டியிலேயே உயரமான இடம் வெஸ்ட் ரன்டன் அருகே உள்ள பீக்கன் ஹில், 103 மீட்டர்தான். ஆனால் நிலம் தாழ்வாக இருப்பதால்தான் அங்கே கடலுக்கு அவ்வளவு அதிகாரம். தங்கும் இடத்தைத் தேடும் முன் அந்த வாரத்து ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, எடுத்து வையுங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்தக் கரை என்பதை அதுதான் தீர்மானிக்க வேண்டும். மற்ற எந்தப் பயணக் குறிப்பையும்விட இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

வடமேற்கு மூலையில் இருக்கும் ஹன்ஸ்டன்டனில் தொடங்குங்கள். கிழக்கிலிருக்கும் கவுண்டி என்றாலும் இந்த ஊர் வாஷ் விரிகுடாவை நோக்கி மேற்கே பார்த்திருப்பதால், சூரியன் கடலில் மறைவதை இங்கே காணலாம். கீழே பழுப்பு மணற்பாறை, நடுவில் செங்கல் நிறச் சுண்ணப்பாறை, மேலே வெள்ளைச் சுண்ணப்பாறை என்று அதன் செங்குத்துப் பாறைமுகம் மூன்று பட்டைகளாக நிற்கிறது. கடல் உள்வாங்கிய நேரத்தில் போனால், அடியில் பழுப்புப் பாறை சதுரம் சதுரமாக வெடித்துத் தரையாகக் கிடப்பதும், அதன் மேல் பச்சைப் பாசி படர்ந்திருப்பதும், இடையிடையே மேலிருந்து விழுந்த சிவப்பு, வெள்ளைப் பாறைத் துண்டுகளும் தெரியும். 1947இல் கரையொதுங்கிய ஷெரட்டன் என்ற மீன்பிடிக் கப்பலின் துருப்பிடித்த அடிப்பாகமும் அங்கேயே கிடக்கிறது. உயர் ஓதத்தின்போது போனால் இதில் பாதி தண்ணீருக்குள். இன்னொன்று: பாறைச் சுவரை ஒட்டிப் பிள்ளைகளை நடக்க விடாதீர்கள். கல் விழும், சொல்லிவிட்டு விழாது.

அங்கிருந்து கிழக்கே ஹோம், பிரான்காஸ்டர், பர்னம் ஓவரி ஸ்டெய்த், ஹோல்கம், வெல்ஸ், ஸ்டிஃப்கீ, பிளேக்னி, கிளை என்று ஊர்கள் வரிசையாக வரும். இவற்றில் பல ஊர்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மைல், சில இடங்களில் அதற்கு மேலும் உப்புச் சதுப்பு விரிந்து கிடக்கிறது. படகுத்துறையில் நின்றால் கடல் கண்ணில் படாது. சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகளும் வளைந்து போகும் கழியும், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் ஓடையும்தான் தெரியும். சில மணி நேரம் கழித்து வாருங்கள், அதே படகுகள் நிமிர்ந்து மிதந்துகொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டவாவது ஒரே துறைக்கு ஒரே நாளில் இரண்டு வேளை போகலாம்.

இந்தச் சதுப்பில் ஓர் ஆபத்து உண்டு. நீர் முன்பக்கமிருந்து அலையாக வருவதில்லை. முதலில் கழிகள் நிறையும். நீங்கள் கடந்து வந்த கழியும் பின்னால் நிறைந்திருக்கும். வெல்ஸ் கடற்கரையில் ஓதம் ஏறத் தொடங்கும்போது சங்கு ஒலிப்பது இதற்காகத்தான். அது கேட்டதும் மணல்திட்டிலிருந்து கரைக்குத் திரும்பிவிட வேண்டும். பாதை தெரிந்தவர் துணையில்லாமல் சதுப்புக்குள் இறங்கவே வேண்டாம். அதன் ஓரத்தில் போகும் நார்ஃபோக் கடற்கரைப் பாதையே போதும். ஹன்ஸ்டன்டனிலிருந்து தென்கிழக்கே ஹாப்டன் வரை 84 மைல். ஓக் மரக் கொட்டைச் சின்னம் போட்ட கம்பங்கள் வழிகாட்டும். மாமியாருக்கு ஹோல்கம் நல்லது. லேடி ஆன்ஸ் டிரைவிலிருந்து பைன் மரங்களுக்கு நடுவே பலகை நடைபாதை கடற்கரை வரை போகிறது; மேடு கிடையாது.

நாரைப்பார்வை

கரைநடை சொன்ன ஹோல்கமில் ஒரு மாலையை வானத்துக்கு ஒதுக்குங்கள். ஐஸ்லாந்து, கிரீன்லாந்திலிருந்து இளஞ்சிவப்புக் கால் கொண்ட காட்டு வாத்துகள் செப்டம்பர் முதலே வரத் தொடங்கும். அக்டோபர் கடைசியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பகலில் உள்நாட்டு வயல்களில், சர்க்கரை பீட் அறுவடை முடிந்து கிடக்கும் தழைகளை மேயும். இருட்டும் வேளையில் கூட்டம் கூட்டமாகத் திரும்பிச் சேற்றுத்திட்டிலும் சதுப்பிலும் இறங்கும். முதலில் சத்தம்தான் வரும். பிறகு வானத்தின் ஒரு மூலையில் கோடு தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பின்னால் இன்னொரு கோடு. லேடி ஆன்ஸ் டிரைவில் காரை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மாமியாருக்குக் குளிராது.

துணிச்சல் இருந்தால் ஸ்னெட்டிஷம். வாஷ் விரிகுடாவின் சேற்றுவெளியில் இரை தேடும் நாட் என்ற உள்ளான் இனம், பெரிய உயர் ஓதத்தில் சேறு முழுவதும் மூழ்கும்போது பல்லாயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் எழுந்து, தலைக்கு மேலாகப் பறந்து, கரைக்கு உள்ளே இருக்கும் பழைய கூழாங்கல் குழிக் குளங்களின் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும். ஆனால் எல்லா உயர் ஓதத்திலும் இது நடக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதம் வேண்டும். அது பகல் வெளிச்சத்திலும் வர வேண்டும். பறவைகள் பாதுகாப்புச் சங்கமான ஆர்எஸ்பிபி ஏற்ற தேதிகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து நல்ல தூரம் நடக்க வேண்டும், பெரும்பாலும் விடிவதற்கு முன். மகளும் அப்பாவும் போகட்டும்.

கிளை என்ற ஊரின் சதுப்பையும் விடாதீர்கள். 1926இல் நார்ஃபோக் வனவிலங்கு அறக்கட்டளை தொடங்கப்பட்டதே இந்த இடத்தைக் காப்பதற்காகத்தான். பிரிட்டனில் கவுண்டி அளவில் எழுந்த அப்படிப்பட்ட முதல் அமைப்பு அது. நாணல் காட்டின் மேல் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறப்பதையும், ஆழமில்லாத நீரில் கோணமூக்கு உள்ளான் அலகை இடமும் வலமும் வீசி இரை தேடுவதையும் மறைவிடக் குடிலில் இருந்தபடி பார்க்கலாம்.

சதுப்புநிலவன்

எல்லோரும் வடகரையையே சொல்வீர்கள் என்று தெரியும். என் கட்சி பிராட்ஸ் என்ற ஏரிப் பகுதி. வடகரை ஊர்கள் சிலவற்றில் பாதி வீடுகள் விடுமுறை வீடுகளாகிவிட்டன. வாடகையும் உணவக விலையும் அதற்கேற்றபடி இருக்கின்றன. நார்விச்சுக்கு வடகிழக்கே ஆறுகளை ஒட்டி அறுபதுக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. சுமார் 200 கிலோமீட்டர் நீர்வழியில் மதகே இல்லாமல் படகில் போகலாம்.

இந்த ஏரிகள் இயற்கையானவை என்றே நீண்ட காலம் எல்லோரும் நம்பினார்கள். 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் ஏரிகளின் ஓரத்திலும் அடியிலும் துளையிட்டு மண்ணை வரிசையாக எடுத்துப் பார்த்தார். இயற்கையான ஏரியின் கரை சரிவாக இறங்கும். இங்கே கரைகள் செங்குத்தாக வெட்டியதுபோல் இறங்கின. இடைக்கால மக்கள் அடுப்பெரிக்க பீட் என்ற கருமண்ணை வெட்டி எடுத்த குழிகள்தான் இவை என்பது தெளிவானது. பின்னர் கடல்மட்டம் உயர, குழிகளில் நீர் புகுந்து ஏரிகளாகிவிட்டன. இன்று தேசியப் பூங்காவுக்கு நிகரான பாதுகாப்போடு இருக்கும் ஒரு நிலப்பரப்பு, நூற்றாண்டுக்கணக்கில் கூலியாட்கள் மண்வெட்டியால் தோண்டியது. இதை அறிந்துகொண்டு படகில் உட்கார்ந்தால், பார்க்கும் பார்வையே வேறு.

ரான்வொர்த் போங்கள். மரங்களுக்கும் நாணலுக்கும் நடுவே பலகைப் பாதை ஏரிக்கரை வரை போகிறது. மாமியார் தாராளமாக வரலாம். அங்குள்ள செயின்ட் ஹெலன் தேவாலயத்தின் கோபுரத்தில் பிள்ளைகள் ஏறட்டும், பெரியவர் ஒருவர் பின்னால் இருக்க வேண்டும். 89 படிகள். ஒவ்வொன்றும் ஓர் உயரம், தேய்ந்து வழுக்கும். சுவர் இரண்டு தோளையும் உரசும். அதற்குப் பிறகு இரண்டு ஏணிகள், கடைசியில் தலைக்கு மேல் ஒரு கதவு. அதைத் தள்ளித் திறந்தால் மேல்தளம். கீழே ஏரிகளும் ஆற்று வளைவுகளும் பழைய காற்றாலைகளும் ஒரே பார்வையில் கிடைக்கும். கீழே இறங்கியதும் உள்ளே இருக்கும் ஓவியத் திரையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். புனிதர்களின் உருவங்களில் இடைக்காலத்து வண்ணம் இன்னும் நிற்கிறது. நார்ஃபோக்கில் 650க்கும் மேற்பட்ட இடைக்காலத் தேவாலயங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர்கள். கட்டடத்துக்கு ஏற்ற நல்ல கல் அங்கே கிடைக்காது, மண்ணில் கிடைத்தது அதுதான்.

வேப்பங்காற்று

அனைவருக்கும் மிக்க நன்றி. ஓத அட்டவணையை எடுத்துவிட்டேன். மகன் கடல்நாய்க் குட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அந்த வாரத்தில் இருக்குமா? எவ்வளவு அருகில் போகலாம்? ஹேஸ்பரோவில் கடல் அரித்து வீடுகள் விழுகின்றன என்று படித்தேன், அதையும் பார்க்க ஆசை.

நாரைப்பார்வை

சாம்பல் கடல்நாய்கள் அங்கே குட்டி போடத் தொடங்குவதே அக்டோபர் கடைசியில்தான். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரைதான் உச்சம். நீங்கள் போகும் வாரத்தில் ஒன்றிரண்டு குட்டிகள் இருக்கலாம், பெரிய கடல்நாய்கள் நிச்சயம் இருக்கும். மார்ஸ்டன் துறையிலிருந்து படகில் பிளேக்னி பாயின்ட் போவதே நல்ல வழி. நேரம் ஓதத்தைப் பொறுத்தது என்பதால் முன்பதிவு செய்யுங்கள். 1912 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை வசம் இருக்கும் இந்தக் கூழாங்கல் முனையில் 2001இல் பிறந்தவை 25 குட்டிகள்தான். இப்போது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பிறக்கின்றன. இங்கிலாந்திலேயே பெரிய கூட்டம்.

எவ்வளவு அருகில் என்று கேட்கிறீர்கள். எவ்வளவு தூரத்தில் நிற்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் நில்லுங்கள். தாய் பாலூட்டுவது மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் குட்டி மும்மடங்கு எடை கூடிக் கொழுக்க வேண்டும். அதுவரை அந்த வெள்ளை ரோமத்தோடு அதனால் கடலில் பிழைக்க முடியாது. மனிதர் நெருங்கினால் தாய் பயந்து தண்ணீருக்குள் போய்விடுகிறது. சில வேளை திரும்புவதே இல்லை. கிழக்குக் கரையிலுள்ள ஹார்சியில் குளிர்காலத்தில் கயிறு கட்டி, தன்னார்வலர்கள் காற்றில் நாள் முழுக்க நிற்கிறார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டிப் படமெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. மகனிடம் இதை முன்பே சொல்லி, ஒரு தொலைநோக்கியைக் கையில் கொடுங்கள்.

நார்விச்வாசி

ஹேஸ்பரோவுக்கு வாருங்கள், ஆனால் விழும் வீடுகளை வேடிக்கை பார்க்க வராதீர்கள். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது வாழ்நாள் சேமிப்பு. கடல் அரித்து வீடு போனால் இங்கிலாந்தில் சட்டப்படி இழப்பீடு கிடையாது. இடிக்கும் செலவுக்குச் சிறு தொகை கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கரை முழுவதும் பனியுகம் விட்டுச்சென்ற மணலும் களிமண்ணும். கையால் உதிர்க்கலாம். மழை பெய்த பிறகு கீழிருந்து பாருங்கள்: களிமண் அடுக்குக்கு மேல் ஈரம் கசிந்து கோடாகத் தெரியும், அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதுதான் அடுத்து சரியும். மேலே பீச் ரோடு, வெட்டி எடுத்தாற்போல் விளிம்பில் முடிகிறது. மண்ணுக்குள்ளிருந்து பழைய குழாய் முனைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அடியில் நிற்பதும் விளிம்பருகே நிற்பதும் ஒரே அளவு ஆபத்து.

இதே அரிப்புதான் 2013 மே மாதத்தில் அங்கே பழைய மண்படுகையைத் திறந்து காட்டியது. அதில் சுமார் ஐம்பது குழிகள். பெரியவர்களும் சிறுவர்களும் ஈரச் சேற்றில் நடந்துபோன காலடித் தடங்கள். எட்டு லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தியவை, ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்தவற்றில் மிகப் பழையவை. ஆய்வாளர்கள் மழையில் நின்று படமெடுத்து அளந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் கடல் அதை அழித்துவிட்டது. உங்கள் பிள்ளைகள் அந்தக் கரையில் நடக்கும்போது இதைச் சொல்லுங்கள். பிறகு 1790இல் கட்டிய சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கத்தையும் பாருங்கள். உள்ளூர் மக்களே அறக்கட்டளை அமைத்து எரியவைக்கிறார்கள். ஊரில் ஒரு தேநீராவது குடியுங்கள்.

கரைநடை

நார்விச்வாசி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஹேஸ்பரோவுக்குச் சற்று வடக்கே பாக்டனில் எரிவாயு முனையம் இருக்கிறது. 2019இல் அதையும் பக்கத்து வால்காட் ஊரையும் காக்க 18 லட்சம் கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து எடுத்துக் கரையில் கொட்டினார்கள். மனது வைத்தால் முடியும் என்பதற்கு இதுவே சான்று. வீடுகளுக்கு மட்டும் ஏன் முடியாது?

சதுப்புநிலவன்

கேள்வி நியாயமானது, ஆனால் கரை முழுவதையும் சுவர் எழுப்பி நிறுத்த முடியாது. ஒரு கரை சரிந்து விழும் மணல்தான் நீரோட்டத்தோடு போய் அடுத்த ஊரின் கடற்கரையாகிறது. ஹேஸ்பரோவை முற்றாகக் கட்டிவிட்டால் தெற்கே சீ பாலிங், ஹார்சி பக்கம் மணல் குறையும். அங்கே மணல்மேட்டுக்குப் பின்னால் இருப்பது தாழ்ந்த பிராட்ஸ் நிலம். மேடு உடைந்தால் உப்புநீர் ஏரிகள் வரை போய்விடும். 1938இல் ஹார்சியில் அப்படித்தான் நடந்தது.

நார்விச்வாசி

அந்த அறிவியலை நான் மறுக்கவில்லை. பக்கத்து ஊருக்கு மணல் கொடுக்கத் தன் வீட்டை இழப்பவருக்கு அந்த வீட்டின் விலையைக் கொடுங்கள் என்கிறேன். எல்லோருக்குமான நன்மை என்றால் செலவும் எல்லோருடையதாக இருக்க வேண்டும்.

கரைநடை

அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை.

கடல் அங்கே என்ன செய்யும் என்பதற்கு 1953 ஜனவரி 31 இரவுதான் அளவுகோல். புயலும் உயர் ஓதமும் சேர்ந்து வந்து இங்கிலாந்தில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். ஹன்ஸ்டன்டனிலிருந்து கிங்ஸ் லின் நோக்கிப் போன ரயிலின் மேல், வெள்ளத்தில் மிதந்து வந்த ஒரு வீடு மோதியது. ரீஸ் லெமிங் என்ற இளம் அமெரிக்க விமானப்படை வீரர், நீச்சல் தெரியாதவர், ரப்பர் படகை இழுத்துக்கொண்டு கழுத்தளவு நீரில் திரும்பத் திரும்பப் போய் 27 பேரை மீட்டார். ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். ஹன்ஸ்டன்டன் கரையில் நிற்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் அது.

க்ரோமரில் இன்னொரு பெயர், ஹென்றி பிளாக். 53 ஆண்டுகள் உயிர்காப்புப் படகில் போனவர். அவரும் அவருடைய குழுவினரும் காப்பாற்றியது 873 உயிர்கள். 1901இல் திறந்த மரப்பாலத்தில் கடல்மேல் நடந்து முனை வரை போனால் இன்றைய உயிர்காப்புப் படகு நிலையமே அங்கே இருக்கிறது. நண்டு சாப்பிடுவீர்கள் என்றால் க்ரோமர் நண்டு ரொட்டியை விடாதீர்கள்.

தண்டவாளம்

கார் பற்றி யாரும் சொல்லவில்லை. முடியும், ஆனால் உங்கள் குடும்பத்துக்கு இரண்டு இடத்தில் தங்குவது நல்லது. கிங்ஸ் கிராஸிலிருந்து கிங்ஸ் லின்னுக்கு ரயில் இரண்டு மணி நேரத்துக்குள். அங்கிருந்து ஹன்ஸ்டன்டன், வெல்ஸ் வரை பஸ் போகிறது. வெல்ஸிலிருந்து ஷெரிங்கம், க்ரோமருக்கு வேறு பஸ். குளிர்கால அட்டவணையில் மாலை பஸ்கள் குறையும். கிளம்பும் முன் கடைசி பஸ் நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லின் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். 1998இல் ஹோம் கரையில் மணலுக்குள்ளிருந்து வெளிப்பட்ட மரவட்டம் அங்கே இருக்கிறது: 55 ஓக் கம்பங்கள், நடுவில் தலைகீழாக நட்ட பெரிய ஓக் அடிமரம். மரவளையங்களைக் கொண்டு அது கிமு 2049இல் வெட்டப்பட்டது என்று கணித்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் க்ரோமரிலிருந்து நார்விச்சுக்கு ரயில் இருக்கிறது. ஷெரிங்கமிலிருந்து ஹோல்ட் வரை நீராவி ரயிலும் ஓடுகிறது, மகன் மகிழ்வான். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும் வாரம் அது. மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், எல்லாவற்றையும் காலையில் வையுங்கள். நடப்பதற்கு ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் 250, 251, 252 மூன்றும் கரையைக் காட்டும். பச்சைக் கோடு போட்ட பாதை வயலுக்குள் போனாலும் தயங்காமல் நடக்கலாம். அது பொது வழி.

வேப்பங்காற்று

முடிவு செய்துவிட்டோம். முதல் பாதி வெல்ஸில், மறுபாதி நார்விச்சில். ஹன்ஸ்டன்டன் தாழ் ஓத நேரத்தில், ஹோல்கம் மாலையில், மார்ஸ்டன் படகு, பிறகு க்ரோமர், ரான்வொர்த். ஹேஸ்பரோவுக்கு நார்விச்வாசி சொன்ன மனநிலையோடு போகிறோம். கடைசி நாள் பாதி மிச்சமிருக்கிறது. சாலையே தெரியாத இடம் ஏதாவது உண்டா?

தண்டவாளம்

உண்டு. நார்விச்சிலிருந்து கிரேட் யார்மத் போகும் பாதையில் பெர்னி ஆர்ம்ஸ் என்று ஒரு நிலையம். பொதுச் சாலை எதுவும் அங்கே வராது. ரயிலில், படகில் அல்லது நடந்துதான் போக முடியும். ஹால்வர்கேட் சதுப்பு மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே ஒரு சின்ன நடைமேடை, சற்றுத் தள்ளி ஆற்றோரத்தில் உயரமான பழைய காற்றாலை. மிகச் சில ரயில்கள் மட்டுமே நிற்கும், அதுவும் கேட்டால்தான். ஏறும்போதே ரயில் கார்டிடம் சொல்லிவிடுங்கள். திரும்பும்போது நடைமேடையில் நின்று ஓட்டுநருக்குத் தெரியும்படி கையைக் காட்ட வேண்டும். அங்கே கடையோ ஒதுங்க இடமோ இல்லை. தண்ணீரும் மழைச்சட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த ரயிலுக்குப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால் மாமியாரை நார்விச்சில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, போகும் ரயில், வரும் ரயில் இரண்டின் நேரத்தையும் முன்தினமே உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.